பெயர் சொல்லாத ஜெபக் குறிப்பு

மகளிர் விடுதி, திண்டுக்கல்
20 நவம்பர் 2023

கர்த்தருக்குள் அன்பான தங்கை சகாயாவுக்கு,

இசைவாணி அக்கா எழுதுவது. உன் நம்பருக்கு எப்போது போட்டாலும் அதே ரெக்கார்டு குரல்தான் பேசுகிறது. வாட்ஸப்பில் உன் படமும் போய்விட்டது. நீ என்னை பிளாக் செய்திருக்கிறாய் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. அதனால்தான் விடுதி ரெஜிஸ்டரில் உன் அகரம் விலாசத்தைப் பார்த்து, உறையும் ஸ்டாம்பும் வாங்கி எழுதுகிறேன். தபால் ஆபீஸில் இருந்தவர், "காதல் கடுதாசியாம்மா?" என்று கேட்டார். என் தங்கச்சிக்கு என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை லேப் முடிந்து வந்தபோது உன் கட்டில் காலியாகக் கிடந்தது. வார்டன் அம்மாவிடம் ஓடினேன். "அவுக அம்மா வந்து பெட்டியோட கூட்டிட்டுப் போயிட்டாங்க. எதுக்குன்னு கேட்டேன், ஒண்ணும் சொல்லல" என்றார். நீ எனக்கு ஒரு வரி எழுதி வைத்துவிட்டாவது போயிருக்கலாம். ஜூலை மாதம் நம் கல்லூரி ஜெப ஐக்கியத்தில் சீட்டுப் போட்டு, முதல் வருடப் பிள்ளை ஒவ்வொருத்திக்கும் ஒரு மூன்றாம் வருட அக்காவை ஜெபத்தோழியாகப் பிரித்தபோது உன் சீட்டு என் கையில் வந்தது. அன்றிலிருந்து எத்தனை சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி நடந்திருப்போம். அந்த உரிமையில் கேட்கிறேன். என்மேல் ஏதாவது வருத்தமா? வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா?

செமஸ்டர் தேர்வு தொடங்கப் போகிறது. ஹால் டிக்கெட்டை உனக்காக வாங்கி வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் பேப்பரை நினைத்து நீ பயந்தது எனக்குத் தெரியும். வா, இருவரும் சேர்ந்து படித்துவிடலாம்.

கூட்டத்தின் கடைசியில் ஒவ்வொருத்தியும் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று சொல்வோமே, அந்த ஜெபக் குறிப்பு போலவே நேற்று எல்லோரையும் தனியாகக் கூட்டி உன் பெயரைச் சொல்லி உனக்காகவும் உன் குடும்பத்துக்காகவும் பாரத்தோடு ஜெபித்தோம். கர்த்தர் எல்லாவற்றையும் நன்மைக்கே செய்வார். தைரியமாக இரு.

உன் ஜெபத்தோழி,
இசைவாணி


அகரம்
28 நவம்பர் 2023

இசைவாணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் அம்மா கையில்தான் கொடுத்தார். அம்மா பிரித்துப் படித்துவிட்டு என் மடியில் எறிந்தார். "உம் பேரச் சொல்லி மறுக்கா செபிச்சாங்களாம்ல. போ, போயி நன்றி சொல்லிட்டு வா" என்றார்.

பிளாக் செய்தது நான்தான். நம்புங்கள்.

என்ன நடந்தது என்று தெரியாதது போல எழுதியிருக்கிறீர்கள். நிஜமாகவே தெரியாதோ என்னவோ. சொல்கிறேன். அப்பா குவைத்தில் இருக்கிறார் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தோம். அவர் இருப்பது ஒட்டன்சத்திரத்தில். காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்குகிறார். அங்கே அவருக்கு வேறு ஒரு வீடு இருக்கிறது. ஒருமுறை நான் பழனிக்குப் போகும்போது பஸ் அங்கே நின்றது. ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். தோளில் ஒரு குழந்தை இருந்தது. அவரும் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, குழந்தையின் மூக்கைத் துடைப்பது போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவரைப் பார்த்ததை நான் அம்மாவிடம் சொன்னதில்லை, கூடப் பிறந்த அல்போன்சா அக்காவிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொன்னேன். மைதானத்துச் சுவர் ஓரத்தில் நின்று சொன்னேன். நீங்கள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டீர்கள். இப்படி ஒரு ஆள் கிடைத்தாரே என்று அன்றைக்கு நினைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை செபக் குறிப்பு கேட்டபோது நீங்கள் எழுந்து, "எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, அவளுடைய அப்பா வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்கிறார்கள், ஆனால் பக்கத்து ஊரிலேயே வேறு குடும்பத்தோடு இருக்கிறார், அவர் மனந்திரும்பும்படி" என்று சொன்னீர்கள். சொல்லும்போதே அழுதீர்கள். பெயர் சொல்லவில்லை. பெயர் எதற்கு? ஒவ்வொரு சீனியருக்கும் ஒரே ஒரு ஜூனியர். யாருடைய தங்கச்சி யார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். கண்ணை மூடியிருக்க வேண்டிய நேரத்தில் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வரும்போது ஒருத்தி, "ஒங்க அக்கா ஒனக்காக எப்படி அழுதாங்க பாரு, குடுத்து வச்சவ நீ" என்றாள்.

நம் ஐக்கியத்து மலர்விழி தாடிக்கொம்பில் இருக்கும் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், அவர்களும் செபிக்கட்டும் என்று. அவர் தன் பெண்கள் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். தாடிக்கொம்பும் அகரமும் அடுத்தடுத்த ஊர் என்று உங்களுக்கே தெரியும். அல்போன்சா அக்காவுக்குக் கொடைரோட்டில் மாப்பிள்ளை முடிவாகி, ஜனவரியில் கல்யாணம் என்று பங்குக் கோயிலில் எழுதிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா வந்து அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது.

ஊரில் பாதிப் பேருக்கு முன்னாலேயே சந்தேகம் இருந்திருக்கும். ஆனால் சந்தேகம் வேறு, செபத்தில் வந்தது வேறு. செபத்தில் வந்ததை யாரும் பொய் என்று சொல்லமாட்டார்கள்.

இன்னொன்று. எத்தனை சாயங்காலம் நடந்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அத்தனை நடையில் நீங்கள் உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறீர்களா? நான் பேசினேன், நீங்கள் கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். தோழி என்று பெயர் வைத்தது யார்?

அம்மா படிப்பை நிறுத்திவிட்டார். ஹால் டிக்கெட்டைக் கிழித்துப் போடுங்கள். எழுத வேண்டாம்.

சகாயராணி


மகளிர் விடுதி, திண்டுக்கல்
9 டிசம்பர் 2023

சகாயா,

எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தாய். எழுதிக் கிழித்து, மறுபடியும் எழுதுகிறேன்.

அல்போன்சாவின் கல்யாணம் நின்றது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. மலர்விழியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஜெபம் பண்றதுக்குத்தானக்கா சொன்னேன்" என்று அழுதாள். அவளை நான் என்ன சொல்வது? அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவள் அம்மாவும் அப்படித்தான். நானும் அப்படித்தான். நம் ஐக்கியத்தில் காலம் காலமாக இப்படித்தான் செய்கிறோம். ஒருத்தி பாரத்தைத் தனியே சுமக்கக் கூடாது என்று சேர்ந்து சுமக்கிறோம். உன் பெயர் வெளியே தெரியக் கூடாது என்று ஜாக்கிரதையாகத்தான் தங்கச்சி என்று சொன்னேன். நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்? அவ்வளவையும் கேட்டுவிட்டு, கேட்காதது போல இருந்திருக்க வேண்டுமா?

நீ கோபப்பட்டாலும் சரி, இதையும் கேட்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் குவைத் என்று சொன்னது யார்? நானா? கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்திருந்தால் உன் அக்காவின் கதி என்ன ஆகியிருக்கும்? அதையும் கொஞ்சம் யோசித்துப் பார்.

எழுதியதைத் திரும்பப் படிக்கிறேன். மேலே உள்ளது கடுமையாக இருக்கிறது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தால் நீ வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. இருந்துவிட்டுப் போகட்டும்.

என்னைப் பற்றி எதுவும் சொன்னதில்லை என்று எழுதியிருந்தாய். சொல்ல ஒன்றும் இல்லை, அதனால் சொல்லவில்லை. எங்கள் வீடு சாதாரண வீடு. அப்பா வாத்தியார், அம்மா வீட்டில் இருக்கிறார். வத்தலக்குண்டில் எந்த வீட்டைப் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும்.

படிப்பை மட்டும் விட்டுவிடாதே. தேர்வு எழுதாவிட்டாலும் பிரின்ஸிபாலிடம் பேசினால் ஏதாவது வழி இருக்கும்.

இசைவாணி


அகரம்
27 டிசம்பர் 2023

இசைவாணி அக்காவுக்கு,

அவர்களுக்கு என்று போட்டு எழுதினால் கை கூசுகிறது. அதனால் அக்கா என்று போடுகிறேன். கோபம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை.

பொய் சொன்னது நாங்கள்தான். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதும் நியாயம்தான். அதை அம்மாவே ஒத்துக்கொள்கிறார். ஆனால் அந்த உண்மையைப் போய்ச் சொல்ல வேண்டியவர் அம்மா. அல்லது அல்போன்சா அக்கா. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாளாம். இப்போதுதான் என்னிடம் சொல்கிறாள். அவர் கேட்டுவிட்டு வேண்டாம் என்றிருந்தாலும் பரவாயில்லை, அவள் வாயால் சொல்லியிருப்பாள். அதற்குள் நீங்கள் எல்லோரும் முந்திக்கொண்டீர்கள். அவளுக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான். அதைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். இது உங்களுக்குப் புரிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் பூசைக்குப் போனோம். அம்மா வரமாட்டேன் என்று படுத்துக்கொண்டார். அல்போன்சா அக்காதான் இழுத்துக்கொண்டு போனாள். "இனிமே யாராச்சும் ஒங்கப்பா பேசினாரான்னு கேட்டா, குவைத்துல இப்ப மணி என்னன்னு மனசுக்குள்ள கணக்குப் போட வேணாம். அந்தமட்டுக்கு நிம்மதி" என்றாள். மூன்று பேரும் கோயில் வாசலில் நின்று சிரித்துவிட்டோம். பிறகு அம்மா அழுதார்.

அல்போன்சா அக்கா வேடசந்தூர் பக்கம் ஒரு மில்லுக்குப் போகிறாள். காலையில் வேன் வருகிறது. நான் தோட்டத்தில் மல்லி பறிக்கிறேன். குத்தகைத் தோட்டம்தான். தரையைப் பார்த்தபடி வேலை செய்யலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

உங்கள் வீடு சாதாரண வீடு என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. சந்தோஷமாக இருங்கள்.

சகாயா


மகளிர் விடுதி, திண்டுக்கல்
18 மார்ச் 2024

அன்பு சகாயா,

சொல்லாமல் கொள்ளாமல் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றதற்கு மன்னித்துக்கொள். எழுதிக் கேட்டால் வேண்டாம் என்று சொல்வாய் என்று பயந்துதான் வந்தேன். அதுவும் தப்புதான் என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் உறைத்தது. உன்னைக் கேட்காமல் எதையாவது செய்வதே எனக்கு வழக்கமாகிவிட்டது.

உன் அம்மா பேசியது எதுவும் அதிகம் இல்லை. "எம் மகள நம்பி அனுப்பிச்சேன், நீ அவள நாலு பேரு நடுவுல நிக்க வச்சிட்ட" என்றார். வரும் வழியெல்லாம் வசனங்களாக யோசித்து வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றுகூட வாயில் வரவில்லை. அப்புறம் அவரே, "நின்னது போதும், சோத்தத் தின்னுட்டுப் போ" என்றார். சோற்றோடு வைத்த கத்திரிக்காய் வெஞ்சனத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

தோட்டத்துக்கு உன் பின்னாலேயே வந்தேன். நீ பக்கத்துப் பாத்தியில் குனிந்துகொண்டே இருந்தாய். நானும் பறித்தேன். நீ ஒருமுறை என் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாயே, அது ஏன் என்று இன்னும் தெரியவில்லை.

உன் டிசம்பர் கடிதத்தில் அல்போன்சாவைப் பற்றி எழுதியது புரிகிறதா என்று கேட்டிருந்தாய். அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு வர நினைத்தேன், அவள் மில்லில் இருந்தாள்.

ஐக்கியத்தின் தலைவி பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். வேறு ஜூனியரை எனக்குத் தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். வியாழக்கிழமை கூட்டத்துக்கும் போவதில்லை. ஒருத்தியை இப்படிச் செய்துவிட்டு அங்கே உட்கார்ந்து பாட்டு எடுத்துக் கொடுக்க என்னால் முடியாது. உனக்கு நான் செய்யக்கூடியது இதுதான் என்று தோன்றியது.

ஜூனில் மறுபடியும் முதல் வருடத்திலேயே சேர்ந்துகொள்ளலாம் என்று பிரின்ஸிபால் சொல்கிறார். உன்னிடமும் உன் அம்மாவிடமும் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. வருவாயா சகாயா?

இசைவாணி


அகரம்
5 ஏப்ரல் 2024

அக்கா,

முதலில் பூ விஷயம். மறுநாள் விரிய வேண்டிய மொட்டையும் சேர்த்துப் பறித்து வைத்திருந்தீர்கள். பச்சை மொட்டு. பூக்கடைக்காரர் கூடையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "எந்தக் காலேஜ்ல படிச்ச புள்ள பறிச்சது?" என்று கேட்டார். அம்மாவுக்கு ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. உங்கள் வருகையால் எங்களுக்கு உண்டான நன்மை இது ஒன்றுதான்.

இப்போது திட்டப் போகிறேன். விலகிவிட்டேன், விலகிவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்களே, யார் கேட்டார்கள்? எனக்காகவா செய்தீர்கள்? நான் எங்கே கேட்டேன்? இதையும் என்னைக் கேட்காமல்தானே செய்தீர்கள். உங்களுக்கு மனசு கனமாக இருந்தது, இறக்கி வைத்துவிட்டீர்கள். அங்கே இருக்கும் மற்ற முதல் வருடப் பிள்ளைகளுக்கு இதனால் என்ன லாபம்?

எழுதக் கூடாது என்று வைத்திருந்ததை எழுதுகிறேன். ஜூலையில் விடுதிக்கு வந்தபோது தினமும் வீட்டுக்கு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தேன். வகுப்பில் இங்கிலீஷில் பேசினால் ஒன்றும் விளங்காது. மெஸ்ஸில் யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பேன். நீங்கள்தான் வந்து, "ஏய் சகாயா, இங்குட்டு வா" என்று கூப்பிட்டு இடம் போட்டீர்கள். இங்கிலீஷ் பாடத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொடுத்தீர்கள். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வாங்கிவந்து கொடுத்தீர்கள். எனக்கு ஒரு வயது இரண்டு வயது மூத்தவர், இதே பாதையில் சற்று முன்னால் போனவர், திரும்பி நின்று எனக்காகக் காத்திருந்தது போல இருந்தது. லெக்சரர் சொல்லியோ, பங்குச் சாமியார் சொல்லியோ எனக்கு அந்தத் தைரியம் வந்திருக்காது. அது பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இம்புட்டுக் கோபமே வந்திருக்காது.

அதனால் அந்தத் தோழி முறை தப்பு என்று நான் சொல்லமாட்டேன். சொன்னவளைக் கேட்காமல் அவள் காரியம் அடுத்த காதுக்குப் போனதுதான் தப்பு. கடவுளிடம் சொல்ல மைக் எதற்கு அக்கா? எங்கள் வீட்டில் செபமாலை சொல்லும்போது ஆளாளுக்கு ஒரு வேண்டுதலை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்வோம். அம்மா யாருக்காகச் சொல்கிறார் என்று இதுவரைக்கும் எனக்குத் தெரியாது. ஒருவேளை அப்பாவுக்காகவே இருக்கும்.

கூட்டத்துக்குப் போங்கள். தலைவியாக இல்லாவிட்டாலும் போங்கள். போய் அவரவர் காரியத்தை அவரவர்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அல்லது மலர்விழியைச் சொல்லச் சொல்லுங்கள். அவள் பாவம், ஈஸ்டர் அன்று அவளும் அவள் அம்மாவும் இங்கே வந்து வாசலிலேயே நின்றார்கள்.

நான் வருவது பற்றி: அல்போன்சா அக்கா, "நான் பஞ்சுத் தூசியில நிக்கிறது நீ மல்லி பறிக்கிறதுக்கா?" என்று தினமும் அம்மாவிடம் மல்லுக்கட்டுகிறாள். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்று சொல்வதையும் நிறுத்திவிட்டார். பார்ப்போம்.

சகாயா


வத்தலக்குண்டு
21 ஜூலை 2024

அன்புள்ள சகாயா,

நீ கல்லூரியில் மறுபடியும் சேர்ந்துவிட்டாய் என்று மலர்விழி சொன்னாள். உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு அதே வகுப்பில் உட்கார்ந்திருப்பது கஷ்டமாகத்தான் இருக்கும். அதற்கும் நான்தான் காரணம்.

என் படிப்பு முடிந்தது. எம்.எஸ்ஸி. போகவில்லை, வேலைக்கும் போகவில்லை. வீட்டில் இருக்கிறேன். ஏன் என்று சர்ச்சில் எல்லோரும் கேட்கிறார்கள். டி.என்.பி.எஸ்.ஸி.க்குப் படிக்கிறேன் என்று சொல்கிறேன்.

உனக்கு மட்டும் இதை எழுதுகிறேன். எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். என் கஷ்டத்தைச் சொல்லி உன்னிடம் மன்னிப்பு வாங்கப் பார்க்கிறேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. நீ மன்னிக்க வேண்டாம். தோழி என்று பெயர் வைத்தது யார் என்று கேட்டிருந்தாய், அதற்கு இப்போதுதான் பதில் சொல்கிறேன்.

எங்கள் வீடு சாதாரண வீடு என்று எழுதியது பொய். அம்மாவுக்கு மனசு சரியில்லை. நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கியது. யாரோ பேசுகிறார்கள் என்று பதில் சொல்லிக்கொண்டே இருப்பார். சில நாள் என்னையே யார் என்று கேட்பார். சில நாள் நன்றாக இருப்பார், எனக்குத் தலை பின்னிவிடுவார். மதுரையில் காட்டி மாத்திரை தருகிறோம். சபையில் யாருக்கும் தெரியாது. பாஸ்டர் வந்தாலும், சொந்தக்காரர்கள் வந்தாலும், அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று அப்பா சொல்வார். யார் வந்தாலும் அம்மாவைப் பின்னறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போடுவது என் வேலை. உள்ளே சத்தம் கேட்டால் தெரியக் கூடாது என்று டிவியைக் கூட்டி வைப்பேன். அம்மா கதவைத் தட்டமாட்டார். தட்டினாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

மூன்று வருடம் ஒவ்வொரு வியாழக்கிழமையும் என் முறை வந்தபோது, இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் எழுந்து நிற்பேன். தேர்வுக்காக, தேசத்துக்காக என்று எதையாவது சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். உன் அப்பாவைப் பற்றி நீ சொன்னபோது, ஒரு வீட்டில் இப்படி மறைத்து வாழ்வது எப்படி இருக்கும் என்று எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்தது. அந்த வியாழக்கிழமை என்னுடையதைச் சொல்ல வாய் வரவில்லை. உன்னுடையது வந்துவிட்டது. நான் அழுதேன் என்று எழுதியிருந்தாயே, எல்லோரும் உனக்காக அழுகிறேன் என்று நினைத்தார்கள். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். நான் அழுதது என் அம்மாவுக்காக, சகாயா. உன் வீட்டை எடுத்து வைத்துக்கொண்டு என் வீட்டுக்காக அழுதேன். இதைவிடப் பெரிய தப்பை நான் செய்ததில்லை.

இதை எழுதும்போது அம்மா பக்கத்தில்தான் இருக்கிறார். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். ஒரு தங்கச்சிக்கு என்றேன். "வரச் சொல்லு" என்றார்.

இதை யாரிடமும் சொல்லாதே.

இசைவாணி


மகளிர் விடுதி, திண்டுக்கல்
1 ஆகஸ்ட் 2024

அன்பு அக்கா,

உங்கள் கடிதத்தை மைதானத்தில் வைத்துப் படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. அல்போன்சா அக்காவிடமும் சொல்லவில்லை. அவளிடம் நான் மறைக்கும் ஒரே விஷயம் இதுதான், அதை அவளுக்குத் தெரியாமல் வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது தெரிகிறது. ராத்திரி தூக்கம் வரவில்லை. யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போல் இருந்தது. உங்களுக்கும் என் காரியம் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அப்போதுதான் நினைத்தேன். முழுசாக மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். அல்போன்சா அக்காவின் கல்யாணம் நின்றது நின்றதாகவே இருக்கிறது. ஆனால் உங்கள்மேல் எனக்கு இருந்த கோபத்தை இப்போது தேடினால் பழைய இடத்தில் இல்லை.

போன வாரம் ஐக்கியத்தில் சீட்டுப் போட்டார்கள். முதல் வருடம் என்பதால் எனக்கும் ஒரு சீனியரைப் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது, வத்தலக்குண்டில் இருக்கிறார் என்று சொல்லி, சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மலர்விழி மட்டும் சிரிக்கவில்லை.

இன்றைக்குக் கூட்டத்தில் என் முறை வந்தது. செபக் குறிப்பு ஒன்றும் இல்லை என்றேன். உட்கார்ந்து உங்கள் அம்மாவுக்காகச் செபித்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. அக்காவின் அம்மா என்று மனசுக்குள் சொன்னேன், கடவுளுக்குத் தெரியாதா என்ன.

ஆனால் அக்கா, செபித்துவிட்டு மட்டும் இருக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் தனியாக இருக்கிறீர்கள். அந்த வீட்டில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்து உங்கள் அம்மாவோடு ஒரு வாய் காப்பி குடித்து எத்தனை வருடம் ஆகியிருக்கும். வரச் சொல்லு என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வத்தலக்குண்டு பஸ் ஏறலாம் என்று இருக்கிறேன். வார்டன் அம்மாவிடம் தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். உங்கள் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் வரமாட்டேன். வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை போடுங்கள், எப்போது சரி என்கிறீர்களோ அப்போது வாரேன், வருத்தப்பட மாட்டேன்.

வரலாம் என்றால் ஒன்றே ஒன்று. நான் வந்து கதவைத் தட்டும்போது பின்னறைத் தாழ்ப்பாளைப் போடாதீங்க அக்கா.

சகாயா